தோற்றாலும் அடுத்த சுற்று உண்டு

மெர்டேக்கா மாதம் பிறந்தால் சதுரங்கப் போட்டி அறிவிப்புகளும் வந்துவிடும். வானொலியில் ஒன்றைப் படித்து முடித்ததும் காஜாங்கிலிருந்து ஓர் அம்மா அழைத்தார்: "பையன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறான். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் திரும்பி வரவேண்டியதுதானே?"

இல்லைங்க. நாக்-அவுட்டில்தான் 32 பேரில் 16 பேர் முதல் சுற்றிலேயே வெளியேறுவார்கள். சதுரங்கப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கும். ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிடுவார்கள்; தோற்ற பிள்ளைக்கு அடுத்து வருபவரும் பெரும்பாலும் தோற்றவரே. ஐந்து சுற்று என்றால் ஐந்தும் ஆடலாம்.

நான் படித்த அறிவிப்பில் இது இல்லை, பரிசுதான் இருந்தது.

2022 சதுரங்க ஒலிம்பியாட்டுக்குச் சென்னை நேப்பியர் பாலத்தையே சதுரங்கப் பலகைபோல வரைந்து ஊரை அழைத்தார்கள். நம் தாமான் பாலாய் ராயாவுக்கு அவ்வளவு வேண்டாம். சுவரொட்டியில் ஒரு வரி போதும்: "தோற்றாலும் கடைசிச் சுற்றுவரை ஆடலாம்."