டொரண்டோ எஃப் சி: நட்சத்திரங்கள் போன பின்பு எஞ்சும் கேள்விகள்

கனடாவின் டொரண்டோ நகரத்துக் கால்பந்து அணியான டொரண்டோ எஃப் சி, 2025ஆம் ஆண்டுப் பருவத்தையும் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாமலேயே முடித்துக்கொண்டது. வட அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் போட்டித் தொடரில் இந்த அணி இவ்வாறு வெளியேறுவது தொடர்ந்து ஐந்தாவது முறையாகும்.

அந்தப் பருவத்தின் 34 ஆட்டங்களில் அணி வென்றவை 6 மட்டுமே. 14 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. கிழக்குப் பிரிவின் 15 அணிகளில் 12ஆவது இடமே கிடைத்தது. அப்பிரிவில் 9 அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்ற நிலையில் இது நேர்ந்திருக்கிறது.

ஆனால் ரசிகர்களிடையே நடைபெறும் விவாதம் புள்ளிப் பட்டியலோடு நிற்கவில்லை. பெரும் பணம் கொடுத்து அழைத்துவரப்பட்ட இரு இத்தாலிய வீரர்கள் 2025 ஜூலையில் ஒப்பந்தம் முடியும் முன்னரே வெளியேறியதும், அதற்கு யார் பொறுப்பு என்பதுமே விவாதத்தின் மையமாக இருக்கின்றன.

உச்சமும் சரிவும்

டொரண்டோ எஃப் சி 2007இல் விளையாடத் தொடங்கியது. மேஜர் லீக் சாக்கரில் இடம்பெற்ற முதலாவது கனடிய அணி அதுவே. அந்த ஆண்டு மே 12ஆம் தேதி சிகாகோ அணிக்கு எதிராக 24ஆவது நிமிடத்தில் டேனி டிச்சியோ அடித்த கோல்தான் அணியின் வரலாற்றில் முதல் கோல். அரங்கில் இலவசமாக வழங்கப்பட்டிருந்த இருக்கை மெத்தைகளை ரசிகர்கள் மகிழ்ச்சி மிகுதியால் ஆடுகளத்துக்குள் வீசியெறிந்தனர்.

இந்த உற்சாகத்துக்கு ஏற்ற பலன் நீண்ட காலம் கிடைக்கவில்லை. முதல் எட்டு ஆண்டுகளில் அணி ஒருமுறைகூட அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லை. 2015இல்தான் அந்தத் தடை உடைந்தது. அந்த ஆண்டு யுவென்டஸ் அணியிலிருந்து வந்த செபஸ்தியான் ஜொவிங்கோ முதல் பருவத்திலேயே 22 கோல்கள் அடித்து, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார்.

2016 இறுதியாட்டத்தில் சொந்த மண்ணில் சியாட்டில் அணியிடம் பெனால்டி உதைகளில் தோற்ற டொரண்டோ, 2017 டிசம்பர் 9ஆம் தேதி அதே மண்ணில் அதே அணியை 2க்கு 0 என்ற கணக்கில் வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. கனடிய கிண்ணமும், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்கான கேடயமும் அதே ஆண்டில் கிடைத்தன. இம்மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதலாவது அணி டொரண்டோதான்.

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல், அதே அணி 29 அணிகள் கொண்ட தொடரில் கடைசி இடத்தில் நின்றது. 2017இன் 34 ஆட்டங்களில் 74 கோல்கள் அடித்த அணி, 2023இன் 34 ஆட்டங்களில் 26 கோல்களே அடித்தது. இவ்வளவு பெரிய வீழ்ச்சி எவ்வாறு நேர்ந்தது என்பதே ரசிகர்களின் கேள்வி.

ஊதிய விதியின் விந்தை

மேஜர் லீக் சாக்கரில் ஐரோப்பாவில் உள்ளதுபோல் ஒவ்வொரு கழகமும் தன் விருப்பம்போல் செலவிட முடியாது. வீரர்கள் கழகத்தோடு அல்ல, தொடரை நடத்தும் அமைப்போடுதான் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அணிகளுக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. 2024இல் அந்த அடிப்படை வரம்பு 54 லட்சத்து 70 ஆயிரம் அமெரிக்க டாலராக இருந்தது. தொடர் அமைப்பு வழங்கும் சில சிறப்பு ஒதுக்கீடுகளைக் கொண்டு அதனைச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்து வீரர் டேவிட் பெக்கமை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு அழைத்துவருவதற்காக 2007இல் கொண்டுவரப்பட்ட 'டெசிக்னேட்டட் பிளேயர்' விதியே அது. இதன்படி ஓர் அணி மூன்று வீரர்கள் வரை எவ்வளவு ஊதியம் வேண்டுமானாலும் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்த ஊதியத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே வரம்புக் கணக்கில் சேரும். 2024இல் அப்பகுதி 6 லட்சத்து 83 ஆயிரத்து 750 டாலர்.

டொரண்டோ இந்த விதியைப் பயன்படுத்தித்தான் 2022இல் நாப்போலி அணித் தலைவர் லொரென்ஸோ இன்சினியேயையும், யுவென்டஸ் வீரர் ஃபெடரிக்கோ பெர்னார்டெஸ்கியையும் அழைத்துவந்தது. இருவரும் 2021இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இத்தாலிய அணியில் இருந்தவர்கள். வீரர்கள் சங்கம் வெளியிட்ட 2024ஆம் ஆண்டுப் பட்டியலின்படி, இன்சினியேயின் ஆண்டு வருமானம் சுமார் 1 கோடியே 54 லட்சம் டாலர். லியோனல் மெஸ்ஸிக்கு அடுத்து தொடரிலேயே மிக அதிகமான தொகை இது. ஏனைய வீரர்கள் அனைவருக்குமான அடிப்படை வரம்பைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆகவே விதி அனுமதித்ததைத்தான் நிர்வாகம் செய்தது. ஆனால் நட்சத்திரத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும், அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் மற்றவர்களை அந்தக் குறுகிய வரம்புக்குள்தான் தேடவேண்டும். அங்கேதான் அணித் தேர்வின் உண்மையான திறமை சோதிக்கப்படுகிறது.

ரசிகர்களின் இரு தரப்பு

இத்தாலிய வீரர்கள் விவகாரத்தில் ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நிற்கின்றனர்.

வயதான ஐரோப்பிய நட்சத்திரங்களுக்குப் பணத்தை இறைப்பதே தவறு என்பது ஒரு தரப்பின் வாதம். 2014இல் பெரும் விளம்பரத்தோடு வந்த இங்கிலாந்து வீரர் ஜெர்மெய்ன் டிஃபோ ஒரே பருவத்தில் திரும்பிச் சென்றதை இவர்கள் நினைவூட்டுகின்றனர். அந்தப் பணத்தை உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவிக்கச் செலவிட்டால் நிலையான பயன் கிடைக்கும் என்கின்றனர். டொரண்டோவில் பிறந்து, 2013 முதல் இந்த அணிக்கே ஆடிவரும் ஜொனதன் ஒசோரியோவை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

மறுதரப்போ, ஜொவிங்கோவும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்தானே என்று கேட்கிறது. அவரும், மைக்கேல் பிராட்லியும், ஜோஸி ஆல்டிடோரும் இல்லாமல் 2017இன் வெற்றி கிடைத்திருக்காது. பணம் செலவிடத் தயங்கும் நிர்வாகத்துக்கு 'இளைஞர் வளர்ச்சி' என்ற சொல் ஒரு போர்வையாகிவிடக்கூடும் என்ற அச்சமும் இவர்களுக்கு உண்டு.

இரு வாதங்களிலும் உண்மை உள்ளது. ஆனால் இரண்டு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாடு பணத்தில் அல்ல, அடுக்கிய முறையில்தான் இருந்தது என்பது தெரியவரும்.

2017 அணியின் மூன்று நட்சத்திரங்களில் பிராட்லி நடுக்களத்தைக் காத்தார், ஆல்டிடோர் முன்களத்தில் நின்றார், ஜொவிங்கோ இருவருக்கும் இடையே சுதந்திரமாக ஆடினார். ஒருவரின் குறையை மற்றவர் நிரப்பினர். கிரெக் வானி 2014 முதல் 2020 வரை தொடர்ந்து பயிற்சியாளராக இருந்தார்.

2022இல் வந்த இருவரோ பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி வந்து ஆடும் வீரர்கள். ஒருவர் இடப்புறம், மற்றவர் வலப்புறம். இவர்கள் அனுப்பும் பந்தைக் கோலாக மாற்ற அதே தரத்தில் ஒரு முன்கள வீரரோ, பின்னால் நின்று காக்க வலுவான தற்காப்போ அமையவில்லை. பயிற்சியாளர்களும் நிலைக்கவில்லை. பொப் பிராட்லி 2023 ஜூனில் நீக்கப்பட்டார். அடுத்துப் பொறுப்பேற்ற ஜோன் ஹெர்ட்மன் 2024 நவம்பரில் விலகினார். 2025 ஜனவரியில் ராபின் ஃப்ரேஸர் வந்தார். பின்னர் வந்த இருவரும் முன்பே சேர்க்கப்பட்டிருந்த நட்சத்திரங்களைக் கொண்டு தமது பாணியில் அணியை அமைக்க முயல வேண்டியிருந்தது.

முடிவில், 2026 வரை நீடிக்கவிருந்த இரு ஒப்பந்தங்களும் இணக்கத்தின் அடிப்படையில் 2025 ஜூலையில் முடித்துக்கொள்ளப்பட்டன. அடுத்த மாதமே கொலராடோ அணியிலிருந்து அமெரிக்க நடுக்கள வீரர் ஜோர்ஜே மிஹைலோவிச் வாங்கப்பட்டார். புகழைவிடப் பொருத்தத்தைத் தேடும் முயற்சி என்று இதனைச் சில ரசிகர்கள் வரவேற்றனர். ஒரு வீரரைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது என்று வேறு சிலர் எச்சரித்தனர்.

தோல்விக்குத் தண்டனை இல்லாத தொடர்

லண்டனில் வாழும் தமிழர்களுக்கு இந்த நிலைமை சற்று வியப்பளிக்கக்கூடும். இங்கிலாந்தில் 2016இல் பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்ற லெஸ்டர் சிட்டி, 2023இல் இரண்டாம் நிலைக்குக் கீழிறக்கப்பட்டது. அதே 2023இல் கடைசி இடத்துக்கு வந்த டொரண்டோவோ, அடுத்த ஆண்டும் அதே தொடரில் விளையாடியது. வட அமெரிக்கத் தொடரில் கீழிறக்கம் என்பதே கிடையாது.

இந்த முறை முதலீட்டாளர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. புதிய நகரங்களில் விளையாட்டை வேரூன்றச் செய்ய அது உதவியிருக்கிறது என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் தவறான முடிவுகளுக்கு நிர்வாகம் கொடுக்க வேண்டிய விலை மிகக் குறைவு. அந்த விலையைக் கொடுக்கச் செய்யும் ஒரே ஆயுதம் ரசிகர்களின் பணப்பையாகவே எஞ்சுகிறது.

அந்த ஆயுதம் முன்பு பயன்பட்டிருக்கிறது. 2010இல் பருவச் சீட்டுக் கட்டண உயர்வுக்கு எதிராக ரசிகர்கள் குரல் எழுப்பினர். தொடர் தோல்விகளால் அரங்கில் காலி இருக்கைகள் பெருகிய பின், 2012இல் நிர்வாகம் கட்டணத்தை 2007ஆம் ஆண்டு அளவுக்கே குறைப்பதாக அறிவித்தது.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கு பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. டொரண்டோவில் ரசிகருக்கு அத்தகைய இடம் இல்லை. ஐஸ் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ், கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் ஆகியவற்றோடு இந்த அணியையும் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள், 2025 ஜூலையில் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் கைக்குச் சென்றன. பல அணிகளை வைத்திருக்கும் உரிமையாளரின் முன்னுரிமைப் பட்டியலில் கால்பந்து எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்ற கவலை ரசிகர்களிடம் தெரிகிறது.

இதில் பொதுமக்களின் பங்கும் உண்டு. அணி விளையாடும் பி எம் ஓ அரங்கம் டொரண்டோ மாநகராட்சிக்குச் சொந்தமானது. 2007இல் சுமார் 6 கோடியே 30 லட்சம் கனடிய டாலர் செலவில் அது கட்டப்பட்டபோது பெரும்பகுதிப் பணம் அரசுகளிடமிருந்தே வந்தது. 2026 உலகக் கிண்ணத்தின் ஆறு ஆட்டங்கள் இந்நகருக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றை நடத்த ஆகும் செலவு 38 கோடி கனடிய டாலர் என்று 2024இல் மாநகராட்சி மதிப்பிட்டது. வரி செலுத்துவோர் பணத்தில் உருவான அரங்கில் நிரந்தரமாக விளையாடும் அணி எவ்வாறு நடத்தப்படுகிறது என்று கேட்க, சீட்டு வாங்காதவருக்கும் உரிமை உண்டு என்ற வாதம் இதனால் வலுப்பெறுகிறது.

தமிழர்களுக்கு இதில் என்ன?

டொரண்டோ பெரும்பாகம், தெற்காசியாவுக்கு வெளியே தமிழர்கள் செறிந்து வாழும் முக்கிய இடங்களுள் ஒன்று. ஈழத் தமிழர்கள் உதைபந்தாட்டம் என்றழைக்கும் இந்த விளையாட்டு, யாழ்ப்பாணத்தின் ஊர்க் கழகங்களில் தலைமுறைகளாக வளர்ந்தது. கோடையில் ஸ்கார்பரோ மைதானங்களில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் சுற்றுப்போட்டிகள் அதன் தொடர்ச்சியே.

ஊர்க் கழகத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவெடுப்பவரை மறுநாள் சந்தியில் கண்டு கேள்வி கேட்கலாம். தொழில்முறை அணியில் அது இயலாது. அங்கே பிறந்து வளர்ந்த இளந்தலைமுறைத் தமிழர்களுக்கு டொரண்டோ எஃப் சி தம் நகரத்தின் அணி. ஆனால் அதன்மீது அவர்களுக்குள்ள உரிமை, உணர்வு சார்ந்தது மட்டுமே.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், மூடிய தொடராகவும் வெளிநாட்டு நட்சத்திரங்களை முன்னிறுத்தியுமே அறிமுகமானது. சென்னையின் எஃப் சி அணி, இத்தாலியின் மார்கோ மாட்டராஸியைப் பயிற்சியாளராகக் கொண்டு 2015இல் கிண்ணத்தை வென்றது. ஆனால் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் குறித்த இழுபறியால் 2025 ஜூலையில் அந்தத் தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. நட்சத்திரங்கள் கூட்டத்தை வரவழைக்கலாம். அமைப்பின் பலவீனத்தை அவர்களால் மறைக்க முடியாது என்பதை அது உணர்த்தியது.

இனி என்ன?

மேஜர் லீக் சாக்கர் தனது நாட்காட்டியை 2027 கோடையிலிருந்து ஐரோப்பிய முறைக்கு மாற்றிக்கொள்ள 2025 நவம்பரில் முடிவு செய்தது. குளிர்கால இடைவேளை உண்டென்றாலும், டொரண்டோவின் கடுங்குளிரில் ரசிகர்கள் அரங்கில் அமரவேண்டிய நாட்கள் கூடக்கூடும். கனடிய டாலரில் வருமானம் ஈட்டி அமெரிக்க டாலரில் ஊதியம் வழங்கும் கழகத்துக்கு, அந்த இருக்கைகள் நிரம்புவது முக்கியம்.

எனவே ரசிகர்களின் பொறுமை, நிர்வாகம் நினைப்பதைவிடப் பெரிய முதலீடு. இன்சினியே, பெர்னார்டெஸ்கி இருவரின் ஒப்பந்தங்களை முடித்ததன் மூலம் ஒரு தவறு திருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தவறு எவ்வாறு நேர்ந்தது, அடுத்த முறை அணியை முதலில் வகுத்துவிட்டு அதன்பின் நட்சத்திரத்தைத் தேடுவார்களா என்பதை நிர்வாகம் ரசிகர்களுக்கு விளக்கவேண்டியுள்ளது. 2017 அணியைக் கண்ணால் கண்டவர்கள், முடியாததைக் கேட்கவில்லை. இதே நகரில் ஒருமுறை செய்துகாட்டப்பட்டதையே கேட்கின்றனர்.