கிளைடரும் ட்ரோனா, தாத்தா?



போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனையும் அவன் நண்பர்கள் மூன்று பேரையும் மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். அவர்கள் கையில் தெர்மக்கோலில் செய்த கிளைடர் ஒன்று. இழுத்துப் போக இன்ஜின் கிடையாது, விசிறி கிடையாது. வாலைத் திருப்ப இரண்டு குட்டி மோட்டார்கள், ஒரு சின்ன பேட்டரி, ரேடியோ ரிசீவர். அவ்வளவுதான்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மணல்மேட்டையும், மேலே இருக்கும் திருச்சிலுவை ஆலயத்தையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆலயத்திலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டின் ஒரு சரிவில் நின்று, காற்று வரும் பக்கமாகக் கிளைடரைக் கையால் வீசினார்கள். அது விழவில்லை! தலைக்கு மேலே அப்படியே மிதந்தது. ரிமோட்டில் லேசாகத் திருப்பினால் இடது, வலது என்று பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டது.

இரண்டாவது தடவை விடும்போது ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, இங்க ட்ரோன் எல்லாம் விடக்கூடாது. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "இது ட்ரோன் இல்ல மாமா, கிளைடர்" என்றான் பேரன். "ரிமோட் இருக்குல்லா? அப்ப ட்ரோன்தான்!" என்றார் அவர். பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

பஸ்ஸில் பேரன் கேட்டான், "கிளைடரும் ட்ரோனா, தாத்தா?" முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திய எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இன்ஜின் இல்லாமல் அது எப்படி மேலே நிற்கிறது? இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிளைடர் எப்போதும் காற்றுக்குள் சரிந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. பெரிய கடைகளில் நகரும் படிக்கட்டு பார்த்திருப்பீர்கள். மேலே போகும் படிக்கட்டில் ஒரு பையன் மெதுவாகக் கீழே இறங்குகிறான் என்று வையுங்கள். அவன் இறங்குவதைவிடப் படிக்கட்டு வேகமாக ஏறினால் என்ன ஆகும்? இறங்க இறங்க மாடிக்குப் போய்ச் சேர்வான்! கடல் காற்று மேட்டில் முட்டி மேலே எழும்புகிறது அல்லவா, அதுதான் நம் கிளைடருக்குப் படிக்கட்டு. செம்பருந்து சிறகை அசைக்காமல் ஒரே இடத்தில் நிற்பதும் இதே வித்தைதான்.

ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில் ரைட், 1903-இல் இன்ஜின் வைத்த விமானத்தில் முதலில் பறந்தது 12 விநாடிதான். அதே கடற்கரை மணல்மேட்டுப் பக்கம் 1911 அக்டோபர் 24-ஆம் தேதி இன்ஜினே இல்லாத கிளைடரில் ஏறி 9 நிமிடம் 45 விநாடி காற்றில் நின்றார். பத்து வருஷம் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அமெரிக்காவில் சான் டியேகோவுக்குப் பக்கத்தில் டோரி பைன்ஸ் என்று ஒரு கடலோரச் செங்குத்து மேடு இருக்கிறது. ரிமோட் கிளைடர் விடுகிறவர்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்து விடுவார்கள்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிற ஊர் நம் ஊர். தெர்மக்கோல் பறக்காதா? பிறகு ஏன் பாபநாசத்திலோ அம்பாசமுத்திரத்திலோ விடாமல் மணப்பாடு வரை போனோம்?

ஆடிக் காற்று மேற்கே அரபிக் கடலிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது ஏறுவது கேரளப் பக்கம். ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அது மலையை விட்டு இறங்கும் காற்று. நம் பக்கம் மழை குறைவதும் அதனால்தான், மலையடிவாரத்தில் கிளைடர் குப்புற விழுவதும் அதனால்தான். அது கீழே போகும் படிக்கட்டு! செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்ற இரண்டு சந்துகளில் மட்டும் காற்று நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. அதனால்தான் தென்காசிக்குச் சாரல் கிடைக்கிறது, முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் காற்றாலையும் மின்கம்பியும் இருக்கும் இடத்தில் யாராவது கிளைடர் விடுவார்களா? ஆக, கடலைத் தடவிக்கொண்டு வரும் காற்று, அது முட்ட ஒரு மேடு, இரண்டும் சேர்ந்த இடம் நம் பக்கத்தில் அபூர்வம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மாமா சொன்னது சரியா?

1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்தில் 'விமானம்' என்ற சொல்லுக்குள் பலூன், பட்டம், கிளைடர் எல்லாமே அடக்கம். ஆமாம், நீங்கள் மொட்டை மாடியில் விடும் பட்டமும் சட்டத்தின் கண்ணில் விமானம்தான்! அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் 'பாரதீய வாயுயான் அதினியம்' என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆள் ஏறாமல், தூரத்திலிருந்து இயக்கப்படும் விமானம் எதுவானாலும் 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளுக்குள் வந்துவிடும். ஆகவே, வெறும் கையால் வீசும் கிளைடர் ட்ரோன் அல்ல. ரேடியோ வைத்த உடனே அது ட்ரோன்களோடு சேர்ந்துவிடுகிறது. மாமா சொன்னதில் பாதி சரி!

மீதிப் பாதியைப் பார்ப்போம். 2014 அக்டோபரில் இந்த மாதிரி ஆளில்லா விமானங்களுக்கு மத்திய அரசு மொத்தமாகத் தடை போட்டது. 2018 டிசம்பரில் கொஞ்சம் கதவு திறந்தது. 2021 மார்ச்சில் வந்த விதிகளைப் பார்த்து எல்லோரும் தலையில் கை வைத்தார்கள், அத்தனை படிவங்கள்! அதே வருஷம் ஆகஸ்ட் 25-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது விதிகள் கொண்டுவந்தார்கள். 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணம் 4 ஆனது. 250 கிராம் வரை எடையுள்ளவற்றை இயக்கப் பைலட் உரிமம் வேண்டாம். 2 கிலோ வரை உள்ளவற்றுக்கும், காசு சம்பாதிக்க இல்லையென்றால், வேண்டாம். விளையாட்டுக்கும் படிப்புக்கும் பயன்படும் மாதிரி விமானங்களுக்குச் சில சலுகைகளும் உண்டு. உரிமம் வேண்டாம் என்பதால் மற்ற விதிகளும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி நம்பர் மாதிரி ஓர் அடையாள எண் வாங்கும் விதி இருக்கிறது. அதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வானத்துக்கும் மூன்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி மஞ்சள். அங்கே அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. எந்த இடம் என்ன நிறம் என்பதை அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்க்கலாம். அவசரத்துக்கு மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கவும் முடியும். அதனால் நேற்றுப் பார்த்தது இன்றைக்கு உதவாது. நாங்கள் அன்று பார்க்காமலே போனது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

நம் பக்கத்து வானம் வேறு ரொம்ப முக்கியமான வானம். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ரேடியோ நிலையம், வாகைக்குளத்தில் விமான நிலையம். இப்போது குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது. சுற்றிப் போனால் எரிபொருள் வீண். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல்தான். சின்ன ராக்கெட்டுகளுக்கு இது பெரிய லாபம்.

ஆனால் குலசைக்கும் மணப்பாட்டுக்கும் எவ்வளவு தூரம்? பக்கத்துப் பக்கத்து ஊர்கள்! நம் பிள்ளைகளுக்கு வாய்த்த நல்ல மேடு ராக்கெட் தளத்தின் வாசலில் இருக்கிறது.

ராக்கெட் தளத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? வெளிநாட்டு விஷயம் ஒன்றும் வேண்டாம், நம் ஸ்ரீஹரிகோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் கிளம்பும் நாளில் இந்தப் பகுதிக்குப் போகாதீர்கள் என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் தொழில் நடக்கிறது. கிளைடர் விடும் பிள்ளைகளுக்கும் அதேபோல, இந்தச் சரிவில், இன்ன நாட்களில், இவ்வளவு உயரம் வரை விடலாம் என்று ஒரு போர்டு வைத்தால் என்ன? என் கருத்தில் அது ஏவுதளத்துக்கும் நல்லது. எங்கே விடலாம் என்று தெரிந்தவன் கண்ட இடத்தில் விட மாட்டான். இஸ்ரோவே 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி சித்ரதுர்கா பக்கத்தில் இறக்கை வைத்த விண்கலம் ஒன்றை ஹெலிகாப்டரில் நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் போய் விட்டது. இன்ஜினை இயக்காமல், கிளைடராகவே சறுக்கி வந்து அது ஓடுபாதையில் தானே இறங்கியது. இந்த விளையாட்டின் அருமை அவர்களுக்குத் தெரியாததா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கேரளத்தின் வர்க்கலா கடற்கரை மேட்டில் ஆட்களே பாராகிளைடரில் பறப்பார்கள். 2023 மார்ச்சில் அப்படிப் பறந்த இரண்டு பேர் உயரமான விளக்குக் கம்பத்தில் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புப் படை வந்துதான் இறக்கியது. நம்முடையது தெர்மக்கோல்தான். ஆனாலும் கம்பி, கம்பம், ஆள் கூட்டம் இருக்கும் பக்கம் வேண்டாம். செப்டம்பரில் மணப்பாட்டில் திருவிழாக் கூட்டம். அப்போது விடவே கூடாது.

போன வாரம் பேரன் கிளைடரை எங்கள் தெரு மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தான். 262 கிராம். கடைக்கார அண்ணாச்சி சிரித்துவிட்டார். 250-க்குள் கொண்டுவந்தே தீருவேன் என்று உப்புத்தாளை வைத்து இறக்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். திண்ணை முழுக்க வெள்ளைத் தூள்!