மாமா கட்டாத இருபத்தைந்து டாலர்

நான் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டும் மென்பொருளைத் திறந்தால் முதலில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'தொடர்ந்து பயன்படுத்தினால் பணம் கட்டுங்கள்' என்று பணிவாகக் கேட்கும். நான்கு வருடமாக அதை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். போன வாரம் கிள்ளானில் மாமா வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"நாங்களும் ஒரு ஆஸ்திரேலியாக்காரருக்கு இப்படித்தாம்பா பண்ணோம்" என்றார்.

அவர் பீட்டர் டாட்டம். டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்தவர். மாமா முதன்முதலில் இணையம் பார்த்தது விண்டோஸ் 3.1 கணினியில். படமும் ஜன்னலுமாக அழகாக இருக்கும். ஆனால் இணையத்தோடு பேசத் தேவையான டிசிபி/ஐபி அதில் கிடையாது. தனியாகத் தேடிப் போட வேண்டும்.

யூனிக்ஸ் கணினிகளில் இருந்ததை அப்படியே தூக்கி வைத்துவிட முடியாதா? முடியாது. யூனிக்ஸில் ஒரு நிரல் பதிலுக்காகக் காத்திருந்தால் மற்றவை தம் வேலையைப் பார்க்கும். விண்டோஸ் 3.1-இல் ஒவ்வொரு நிரலும் தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு இடம். ஒன்று காத்துக்கொண்டு உட்கார்ந்தால் திரை முழுக்க உறைந்துவிடும். மணல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கள் நேரலை மாதிரி. தொலைபேசியில் நேயர் வரும்வரை நான் வாயைத் திறக்காமல் இருந்தால் வானொலி ஊமையாகிவிடும். பாட்டைப் போட்டுவிடுவேன், இணைப்பு கிடைத்ததும் தயாரிப்பாளர் கண்ணாடியைத் தட்டுவார். 1993-இல் வந்த வின்சாக் 1.1 விதிமுறை இதற்குத்தான் வழி செய்தது: நிரல் காத்திருக்க வேண்டாம், தகவல் வந்ததும் விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பித் தட்டும்.

அந்த விதிமுறைப்படி டாட்டம் எழுதியது 'டிரம்பெட் வின்சாக்'. மோடம் மூலம் எண்ணைச் சுழற்றி இணைப்பதையும் அதுவே செய்தது. பிடித்திருந்தால் 25 அமெரிக்க டாலர் அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க வீடுகள் இணையத்துக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாக. பணம் அனுப்பாமல் நுழைந்தவர்கள் ஏராளம். ஓஸ்ஈமெயில் என்ற ஆஸ்திரேலிய இணையச் சேவை நிறுவனம் கணினிப் பத்திரிகை வட்டில் போட்டு அதை விநியோகித்தது. வழக்கில் 1996-இல் டாட்டம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் விண்டோஸ் 95 வந்துவிட்டது. டிசிபி/ஐபி அதற்குள்ளேயே இருந்தது. இனி டிரம்பெட் யாருக்கு வேண்டும்?

2011-இல், பழைய கடன் நினைவுக்கு வந்த சிலர் அவருக்கு நன்கொடை திரட்டினார்கள். மாமாவுக்கு அது தெரியாது. தெரிந்ததும், "இப்போ அனுப்பினா வாங்கிக்குவாராடா?" என்று கேட்டார்.

நான் ஒலிபரப்பும் ஒவ்வொரு பாட்டையும் உரிமைத்தொகைக்காக எழுதி வைக்கிறோம். ஒன்று விட்டுப்போனாலும் நானே சண்டைக்குப் போவேன். இன்று காலை அந்தப் பெட்டி மறுபடி வந்தது. மூடாமல் வைத்திருக்கிறேன். வங்கி அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.