92ஆ, 12ஆ?

கலைப்பீடத்தில "எனக்குக் கணக்கு ஓடாது" எண்டு சொல்லுறது ஒரு பெருமை மாதிரி ஆயிட்டுது. விஞ்ஞானபீடப் பெடியளோ, எங்களிட்ட கருத்துத்தான் இருக்கும், விடை இராது எண்டு சிரிக்கிறார்கள். ரெண்டு பக்கமும் பிழை.

ஒன்றையொன்று வெட்டாமல் 8 ராணிகளைச் சதுரங்கப் பலகையில வைக்கவேணும். 1848இல் மேக்ஸ் பெட்செல் என்ற ஜெர்மன்காரர் கேட்ட கேள்வி இது. 8 கோட்டைகள் எண்டால் 40,320 விதமாக வைக்கலாம். ராணி மூலைவிட்டமாகவும் வெட்டுவதால் அது 92 ஆகச் சுருங்குது. கணித மேதை கவுஸே 1850இல் முதலில் 76 எண்டுதான் நினைத்தார்.

இனித்தான் விஷயம். பலகையைத் திருப்பினாலோ கண்ணாடியில் பார்த்தாலோ வருகிற வடிவங்களைத் தனித்தனியாக எண்ணாவிட்டால் 92 இல்லை, 12தான். அதில 11 அமைப்புகளுக்கு எட்டெட்டு வடிவம், மிச்சம் ஒன்றுக்கு நாலு. எது சரி? ரெண்டும் சரி. எதையெல்லாம் 'ஒன்றே' எண்டு எடுக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்கவேணும். ஒரு நாட்டார் கதையின் ரெண்டு வடிவங்களை வைத்துக்கொண்டு வகுப்பில நாங்கள் அடிபடுவதும் இதுக்குத்தானே?

பள்ளிக்கூடம் கணக்கைச் சூத்திரமாகவும் புள்ளியாகவும் மட்டும் காட்டினது. அந்தக் கோபம் நியாயம். அதுக்காகக் கணக்கையே கைவிடுறது என்ன நியாயம்? கட்டம் கீறின ஒரு தாள், எட்டுப் புளியங்கொட்டை போதும். வைச்சுப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ, ஓடாதெண்டு.