டிஎம்மும் டிஎம்வியும்

எங்க ஊர் கண்டாச்சிபுரத்தில் யாராவது வேர்க்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். இங்கே அது மல்லாட்டை. அதைப் பயிர் செய்வது பற்றி நண்பன் ஒருவன் தன் அனுபவத்தையெல்லாம் தொகுத்து முப்பது பக்கத்தில் ஒரு பிடிஎஃப் போட்டான். பெயர் 'மல்லாட்டைக் கையேடு'. இலவசம். இரண்டே வாரத்தில் வாட்ஸப்பில் மிரட்டல் வந்தது: "இந்தப் பேரு எங்க டிரேட்மார்க். உடனே எடுங்க." கூடவே அவர்கள் விற்கும் பிடிஎஃப்பின் அட்டை. தலைப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'டிஎம்'. பயந்துபோய் அழித்துவிட்டான்.

எனக்கு அவர்கள் மேல் பாதிக் கோபம், இவன் மேல் பாதி. சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு தடவை பார்த்திருக்கலாம் இல்லையா?

டிஎம் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பெயர் என்னுடையது என்று உரிமை கோருவது, அவ்வளவுதான். பதிவானதற்கு அடையாளம் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்'. பதிவில்லாமல் அதைப் போட்டால் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 107ஆம் பிரிவில் அபராதம் உண்டு. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு பொருளின் வகையையோ பயனையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. நீண்ட புழக்கத்தால் அந்தப் பெயர் ஒருவரையே குறிக்கும் நிலை வந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. மல்லாட்டையைப் பற்றிய கையேட்டை மல்லாட்டைக் கையேடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வதாம்?

நான் வணிகக் குறிக்கு எதிரி இல்லை. பதிவுக்கு 45 வகுப்புகள் இருக்கின்றன. அச்சுப் புத்தகம் 16ஆம் வகுப்பு. தரவிறக்கும் மின்னூல் 9. தரவிறக்காமல் இணையத்திலேயே படிப்பது 41. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 13,500. உழைத்து எழுதியவர் தனக்கென்று ஒரு பெயரை உருவாக்கி, பணம் கட்டிப் பதிவு செய்தால் அது நியாயம். ஆனால் அப்போதும் அவருக்குக் கிடைப்பது பெயர் மட்டும்தான். எழுத்துக்குக் காப்புரிமை தனிச் சட்டம். மல்லாட்டை எப்படி விளையும் என்ற தகவலுக்கு எந்தச் சட்டத்திலும் முதலாளி கிடையாது.

ஒரு குறி எதற்கு இருக்கிறது? இதைச் செய்தது நான், தப்பு இருந்தால் என்னைக் கேள் என்று சொல்வதற்கு. எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்குப் பெயரே டிஎம்வி. 1940இல் டிஎம்வி 2, 1967இல் டிஎம்வி 7. அந்த மூன்று எழுத்துக்குள் திண்டிவனம் இருக்கிறது. விதை சரியில்லை என்றால் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று தெரியும்.

மிரட்டினவர்களின் பிடிஎஃப்பைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. விலாசம் இல்லை. 40-45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் என்பது இறவைப் பயிருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. இதில் 'ஜிப்சம் தேவையான அளவு' என்று போட்டிருக்கிறது. தேவையான அளவு என்றால் எவ்வளவு? காய் திரளாமல் பொக்காகப் போனால் யாரிடம் கேட்பது? பெயர் என்னுடையது என்று சொல்ல ஆள் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

படித்த நாமே ரெண்டு எழுத்தைப் பார்த்துக் கையில் இருப்பதை அழித்துவிட்டால், நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருப்பவருக்கு அந்த 'தேவையான அளவு'தான் மிஞ்சும். இனி எவனாவது டிஎம் என்று வந்தால், பதிவு எண் என்ன, எந்த வகுப்பு என்று கேளுங்கள். பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். கையேட்டைத் திரும்பப் போட்டுவிட்டான். முதல் பக்கத்தில் அவன் பெயர், ஊர், போன் நம்பர், எழுதிய தேதி இருக்கின்றன. நேற்றே ஒருத்தர் கூப்பிட்டு, பன்னிரண்டாம் பக்கத்தில் விதை அளவு தப்பு என்று திட்டினாராம்.