எது பொய்ச்சாட்சி?

சமுதாயத்தில் ஒழுக்கம் குன்றிவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் விரல் நீட்டப்படுவது திரைப்படத்தை நோக்கித்தான். கிறிஸ்தவத் திருச்சபைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. 2006-ஆம் ஆண்டு மே மாதம் "தி டாவின்சி கோட்" திரைப்படம் இந்தியாவுக்கு வந்தபோது தலைநகரில் நிகழ்ந்தவற்றைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, கத்தோலிக்கப் பிரதிநிதிகளுடன் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தார். "ஏ" சான்றிதழும், இது கற்பனையே என்ற அறிவிப்பும் சேர்க்கப்பட்ட பிறகே படம் வெளியானது. அப்போதும் தமிழகம், ஆந்திரம், நாகாலாந்து உள்ளிட்ட சில மாநில அரசுகள் தடை விதித்தன. ஆந்திர அரசின் தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. ஒரு கற்பனைக் கதைக்காக இத்தனை ஆர்ப்பாட்டம்.

அடுத்த ஆண்டே அதே தலைநகரில் கற்பனை ஒன்று செய்தியாக ஒளிபரப்பானது. 2007 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தனியார் செய்தி அலைவரிசை ஒன்று ரகசியக் கேமரா பதிவை வெளியிட்டது. தில்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுகிறார் என்பது குற்றச்சாட்டு. சிறிது நேரத்தில் பழைய தில்லியில் உள்ள அப்பள்ளியின் முன் கூட்டம் திரண்டது. ஆசிரியை தாக்கப்பட்டார். அவருடைய ஆடை கிழிக்கப்பட்டது. காவல் துறை அவரைக் கைது செய்தது. கல்வித் துறை அவரைப் பணியிலிருந்து நீக்கியது. பிறகுதான் விசாரணை! பதிவில் மாணவி என்று காட்டப்பட்ட பெண் மாணவியே அல்லர் என்று தெரிந்தது. ஆசிரியையுடன் பணத் தகராறு இருந்த ஒருவரின் பங்கும் வெளியே வந்தது. செய்தியாளர் கைதானார். அந்த அலைவரிசைக்கு மத்திய அரசு ஒரு மாதம் தடை விதித்தது. தில்லி உயர் நீதிமன்றம் இவ்விவகாரத்தைத் தானாகவே முன்வந்து விசாரித்தது.

இந்த இரண்டில் எது பெரிய ஒழுக்கக் கேடு? விவிலியத்தை அளவுகோலாகக் கொள்வோருக்கு விடை எளிது. பத்துக் கட்டளைகளில் ஒன்று பொய்ச்சாட்சியைத் தடை செய்கிறது. (கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் அதை எட்டாவதாக எண்ணுவர், ஏனைய சீர்திருத்த சபைகளில் அது ஒன்பதாவது. எண்ணிக்கையில்தான் வேறுபாடு.) "பொய் பேசாதே" என்ற பொதுவான அறிவுரையாக மட்டும் இக்கட்டளையைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். உண்மையில் அது நீதிமன்றத்துக்குரிய கட்டளை. அண்டை வீட்டாரின் உயிரும் மானமும் ஒருவருடைய வாய்ச்சொல்லைச் சார்ந்திருந்த பண்டைய இஸ்ரவேலில், ஊர் வாசலில் அமர்ந்து மூப்பர்கள் வழக்குக் கேட்ட காலத்தில் எழுந்தது. மோசேயின் சட்டப்படி மரண தண்டனைக்கு ஒரே சாட்சி போதாது. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும். தண்டனையை நிறைவேற்றும்போது முதல் கல்லை எறிய வேண்டியவரும் சாட்சி சொன்னவரே. அவர் சொன்னது பொய் என்று தெரியவந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நினைத்த தண்டனை அவர் தலையிலேயே விழும். சொல்லுக்குச் சொன்னவனே பொறுப்பு என்பதே இதன் உட்பொருள்.

இன்றைய செய்தி அரங்கில் அந்தப் பொறுப்பு யாருடையது? செய்தியாளர் ஆசிரியரைக் காட்டுகிறார். ஆசிரியர் "நம்பத்தகுந்த வட்டாரங்களை"க் காட்டுகிறார். விவாதத்துக்கு வந்தவர் அது தம் சொந்தக் கருத்து என்கிறார். கைப்பேசியில் அனுப்பியவரோ "வந்ததை அனுப்பினேன்" என்கிறார். கல் மட்டும் குறி தவறாமல் போய் விழுகிறது.

கூட்டமும் கல்லும் என்றவுடன் யோவான் நற்செய்தியில் வரும் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. விபசாரத்தில் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணை இழுத்து வந்து இயேசுவின் முன் நிறுத்துகிறார்கள். ஆண் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை. உடனே தீர்ப்புச் சொல்லும்படி நெருக்குகிறார்கள். அவரோ குனிந்து தரையில் எழுதத் தொடங்குகிறார். என்ன எழுதினார் என்பது குறித்து உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஊகித்து வருகின்றனர். எழுதிய பொருள் எதுவாயினும், அந்தச் சிறு தாமதம் கூட்டத்தின் வேகத்தை உடைத்தது. இருபத்துநான்கு மணி நேரச் செய்தி என்ற அமைப்பில் முற்றிலும் இடமில்லாமல் போனது அந்தத் தாமதத்துக்குத்தான். போட்டி அலைவரிசை சொல்வதற்கு முன் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில், சரிபார்த்தல் என்பது வருவாய் இழப்பாகக் கணக்கிடப்படுகிறது.

நமது சட்டமும் இதை அறியாததன்று. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்ற பகுதி உண்டு. ஆபாசத்தைத் தடை செய்யும் அதே உட்பிரிவில், அதே மூச்சில், அவதூறும் வேண்டுமென்றே சொல்லப்படும் பொய்க் குறிப்பும் அரை உண்மையும் தடை செய்யப்பட்டுள்ளன. இவற்றில் முதற்சொல்லை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போராடுவோர் ஏராளம். மற்றவற்றுக்காக வீதிக்கு வந்தவர்களை எண்ணிவிடலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி ஏடு, இந்தக் கட்டளைக்கு எதிரான குற்றங்களில் மூன்றை நுட்பமாகப் பிரிக்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே ஒரு குற்றம். அது அவசரத் தீர்ப்பு. பொய்யைச் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுப்பது அவதூறு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு. ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையை, தக்க காரணமின்றி, அறியாதோரிடம் போய்ச் சொல்வது. நம் மொழியில் இதற்கு நெருங்கிய சொல் புறங்கூறல். வள்ளுவரும் இதற்குத் தனி அதிகாரமே ஒதுக்கினார். "நடந்ததைத்தானே சொன்னோம்" என்று தப்பித்துக்கொள்ள இங்கே வழியில்லை. 2018-இல் கதுவா சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட ஊடக நிறுவனங்களுக்குத் தில்லி உயர் நீதிமன்றம் தலா ரூ. 10 லட்சம் செலுத்த உத்தரவிட்டது. அவை வெளியிட்ட பெயர் உண்மையான பெயர்தான். ஆனால் அதைச் சொல்ல அவற்றுக்கு உரிமை இல்லை.

இந்த மூன்றாவது கருத்து ஆழமானது, ஆபத்தானதும்கூட. திருச்சபை தன் வீட்டுக் குறைகளை மூடிமறைக்க இதையே கேடயமாகப் பிடித்திருக்கிறது. "திருச்சபைக்கு அவப்பெயர் வரும், விசுவாசிகள் இடறுவார்கள்" என்ற சொற்களால் எத்தனை புகார்கள் அமுக்கப்பட்டன என்பதை அயர்லாந்தும் அமெரிக்காவும் வெளியிட்ட விசாரணை அறிக்கைகள் உலகுக்குக் காட்டின. "தக்க காரணமின்றி" என்று மறைக்கல்வி ஏடு போட்ட நிபந்தனையை அவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். ஒரு குழந்தையின் பாதுகாப்பைவிட, ஒரு பெண்ணின் உயிரைவிடத் தக்க காரணம் வேறென்ன வேண்டும்?

நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1992 மார்ச் 27-ஆம் தேதி கோட்டயத்தில் ஒரு கன்னியர் மடத்துக் கிணற்றில் இளம் கன்னியாஸ்திரீ அபயாவின் உடல் கிடந்தது. உள்ளூர்க் காவல் துறையும் குற்றப் பிரிவும் தற்கொலை என்றன. 1993-இல் வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. வழக்கை முடித்துக்கொள்ள அந்த அமைப்பு கொடுத்த அறிக்கைகளை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 டிசம்பரில், திருவனந்தபுரம் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ஒரு பாதிரியாருக்கும் ஒரு கன்னியாஸ்திரீக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்ய, 2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது. ஆகவே அவர்களைப் பற்றி இறுதித் தீர்ப்பாக எதையும் எழுதுவது இக்கட்டுரை கண்டிக்கும் பிழையையே செய்வதாகும்.

ஆயினும் அந்த வழக்கில் ஒன்று கவனிக்கத்தக்கது. விசாரணை நீதிமன்றம் நம்பிய முக்கியச் சாட்சி, அன்றிரவு மடத்தில் திருடப் போன ஒரு திருடர். சாட்சியை மாற்றிக்கொள்ளும்படி அவர்மீது அழுத்தம் இருந்தது. பணமும் வீடும் தருவதாக ஆசை காட்டப்பட்டதாக அவரே சொன்னார். அவர் அசையவில்லை. மதிப்புக்குரிய சாட்சிகள் சிலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன அதே வழக்கில்தான் இது நடந்தது. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கியவர்களில் உண்மையைச் சொன்னவனும் கள்வனே என்பதை எந்தப் பிரசங்கியாரும் அறிவார்.

2018-இல் ஓர் ஆயர்மீது கன்னியாஸ்திரீ ஒருவர் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். அவருக்கு ஆதரவாக அவருடைய சகோதரிகள் கொச்சியில் தெருவில் அமர்ந்து போராடினர். அவ்வேளையில் அவர் சார்ந்திருந்த துறவற சபையே, தன் பத்திரிகைக் குறிப்புடன், புகார் கொடுத்தவரின் படத்தை வெளியிட்டது. காவல் துறை அதற்காகத் தனி வழக்குப் பதிவு செய்தது. ஆயரை 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு எதுவாக இருந்திருந்தாலும் படத்தை வெளியிட்டது குற்றமே. திரைப்படங்களில் பெண்ணின் மானம் குறித்துக் கவலைப்படும் ஓர் அமைப்பு, தன் மகளின் முகத்தைத் தானே ஊடகத்துக்குக் கொடுத்தது எப்படி?

மறுபக்கமும் உண்டு. 2015 மார்ச் மாதம் மேற்கு வங்கத்தின் ராணாகாட்டில் மடத்துக்குள் புகுந்தவர்கள் 71 வயது கன்னியாஸ்திரீயிடம் செய்த கொடுமை நாட்டையே உலுக்கியது. தில்லியில் தேவாலயங்கள் தாக்கப்பட்ட சில மாதங்களுக்குள் நிகழ்ந்ததால் அச்சம் இயல்பானதே. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே, இது மதவெறியின் வேலை என்று கண்டனக் கூட்டங்களிலும் செய்தி அரங்குகளிலும் முடிவு கட்டப்பட்டது. பிடிபட்டதோ ஒரு கொள்ளைக் கும்பல். 2017-இல் தண்டனையும் கிடைத்தது. சிறுபான்மையினருக்கு நேரும் உண்மையான கொடுமைகளை ஐயத்துக்குள்ளாக்க இது போன்ற ஓர் அவசரம் போதும். சான்று கேட்பதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியவர்கள் பாதிக்கப்படும் தரப்பினர்தாம்.

இத்தனைக்கும் கிறிஸ்தவக் குரல் ஒன்றை இந்திய ஊடகம் மிகுந்த மரியாதையுடன் கேட்ட தருணம் உண்டு. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெய்ன்ஸும் அவருடைய இரு சிறு மகன்களும் வண்டிக்குள் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சட்டம் தன் கடமையைச் செய்வது வேறு, தன் மன்னிப்பு வேறு என்பதையும் தெளிவாக்கினார். பாரிபதாவில் தொழுநோயாளர் பணியில் 2004 வரை நீடித்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். எதையும் தடை செய்யும்படி அவர் கேட்கவில்லை. அறியாத எதையும் அறிந்ததாகச் சொல்லவில்லை. எந்தக் கண்டனத் தீர்மானத்துக்கும் கிடைக்காத நம்பிக்கை அவர் சொல்லுக்குக் கிடைத்தது.

மறைந்த போப் பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குப் பொய்ச் செய்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சை அதன் முதல் எடுத்துக்காட்டாகக் காட்டினார். பாம்பு சொன்னது முழுப் பொய்யன்று. பாதி உண்மை கலந்த பொய் என்பதே அதன் வெற்றி. பங்குக் குழுக்களிலும் ஜெபக் குழுக்களிலும் கைப்பேசி வழியே நாள்தோறும் சுற்றிவரும் செய்திகளில் பாதி இந்த வகையே. எங்கோ எப்போதோ எடுத்த கலவரப் படம், நேற்று நடந்த சபைத் தாக்குதலாக வருகிறது. "உடனே ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளுடன் வருவதால் சரிபார்ப்பதே விசுவாசக் குறைவு போலாகிவிடுகிறது.

ஆயர் பேரவைகளும் சினாடுகளும் திரைப்படம் குறித்து அறிக்கை விடுவதற்குக் குழு வைத்திருக்கின்றன. தங்கள் ஏடுகளிலும் குழுக்களிலும் வந்த தவறான செய்திக்கு, அது வந்த அதே இடத்தில் திருத்தம் வெளியிடும் வழக்கத்தை அவை ஏற்படுத்திக்கொள்ளலாம். தம் நிறுவனத்துக்கு எதிராகப் புகார் வந்தால், புகார் கொடுத்தவரின் அடையாளம் வெளியே போகாது என்றும், கோப்புகள் காவல் துறைக்குத் தரப்படும் என்றும் எழுத்தில் உறுதி கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ அமைச்சரின் அனுமதியோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.