கடித்தவரை விற்காததே சரி

திறமையும் முன்கோபமும் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால், கால்பந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்: விற்றுத் தொலை. அணியைவிட யாரும் பெரியவரில்லை. இப்படி ஒருவர் இருந்தால் டிரெஸ்ஸிங் ரூமே கெட்டுப்போகும். இன்றைக்கு விற்றால் நாலு காசு பார்க்கலாம், நாளைக்கு இன்னொரு ரகளை நடந்தால் அதுவும் போச்சு. விற்றால்தான் மற்றவர்களுக்கும் புத்தி வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கிளப் இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க லூயிஸ் சுவாரஸைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

2013 ஏப்ரல் 21, ஆன்ஃபீல்ட் மைதானம். செல்சீ அணியின் இவானோவிச்சோடு பெனால்டி பகுதியில் முட்டிமோதிக்கொண்டிருந்த லிவர்பூலின் சுவாரஸ், திடீரென்று அவர் கையைப் பிடித்துக் கடித்தார். நடுவர் கவனிக்கவில்லை. இவானோவிச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டியும் பலனில்லை. ஆட்டத்தின் 97-ஆவது நிமிடத்தில் அதே சுவாரஸ் தலையால் முட்டி கோல் போட்டு 2-2 என்று சமன் செய்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த ஒரே ஆட்டத்தில் இருந்தது. அவர் கடித்தது அது முதல் முறையும் இல்லை. ஹாலந்தில் அயாக்ஸ் அணியின் கேப்டனாக இருந்தபோது, 2010 நவம்பரில் பிஎஸ்வி அணியின் பக்கால் என்பவரைக் கடித்து ஏழு ஆட்டம் தடை வாங்கியவர். இம்முறை பத்து ஆட்டம். அன்றைய பிரிட்டன் பிரதமர் கேமரூன் வரை கருத்துச் சொன்னார்கள். விற்றுவிடுங்கள் என்ற குரல் அன்றைக்கு ஓங்கி ஒலித்தது.

அந்தக் குரலுக்குச் சாட்சியும் உடனே கிடைத்தது. அவர் இல்லாத முதல் ஆட்டத்தில், நியூகாசில் மைதானத்திலேயே போய் லிவர்பூல் 6-0 என்று வென்றது. சீசனின் கடைசி நாலு ஆட்டங்களில் பத்துப் புள்ளிகள். அடுத்த சீசன் தொடங்கியதும் வரிசையாக மூன்று வெற்றி, மூன்றும் 1-0, மூன்று கோலும் டேனியல் ஸ்டரிட்ஜ் போட்டது. பார்த்தீர்களா, ஆள் இல்லாமலே அணி நன்றாக ஓடுகிறது என்றார்கள். அணியைவிட யாரும் பெரியவரில்லை என்ற முதல் வாதத்துக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. நான்காவது ஆட்டம் டிரா, ஐந்தாவதில் தோல்வி. ஆக, சுவாரஸ் தடையில் இருந்த அந்த ஐந்து லீக் ஆட்டங்களில் லிவர்பூல் போட்டது மொத்தமே ஐந்து கோல். அவர் திரும்பி வந்து ஆடிய 33 ஆட்டங்களில் 96 கோல். அதில் 31 அவருடையவை, ஒன்றுகூட பெனால்டி இல்லை. முந்தைய சீசனில் ஏழாவது இடத்தில் கிடந்த அணி 84 புள்ளிகளோடு இரண்டாவது இடத்துக்கு வந்தது. சாம்பியன் மான்செஸ்டர் சிட்டிக்கு 86. நார்விச் அணிக்கு எதிராக அவர் ஒருவரே நாலு கோல் போட்ட டிசம்பர் இரவைப் பார்த்தவர்கள், அதில் ஒன்றை ஏறத்தாழ நாற்பது கஜத்திலிருந்து அடித்ததை மறந்திருக்க மாட்டார்கள். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இல்லைதான். ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி என்பது இரண்டே கால் புள்ளி ஆனது, அவ்வளவே. ஆனால் லீக்கில் பட்டத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே இருப்பது அந்தக் கால் புள்ளிதான். அணியைவிட அவர் பெரியவர் என்று நான் சொல்லவில்லை. அணியில் எவ்வளவு பங்கு அவர் என்பதை நாலைந்து ஆட்டங்களை வைத்து அளக்க முடியாது என்கிறேன்.

விலை பற்றிய வாதம்தான் எனக்கு வேடிக்கையாகப் படுவது. 2011 ஜனவரியில் 2.28 கோடி பவுண்டுக்கு வாங்கியவர். 2013 கோடையில் ஆர்சனல் அவருக்கு நாலு கோடியே ஒரு பவுண்டு தருவதாகச் சொன்னது. அந்த ஒற்றை பவுண்டு எதற்கு? நாலு கோடிக்கு மேல் யாராவது கேட்டால் பேச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. லிவர்பூல் உரிமையாளர் ஜான் ஹென்றி அந்தத் தொகையை ட்விட்டரில் பகிரங்கமாகக் கிண்டல் செய்து, ஆளை விடவில்லை. ஷரத்து இருந்ததும் அதைத் தாங்கள் மதிக்காததும் உண்மை என்று அடுத்த ஆண்டு அவரே ஒரு கூட்டத்தில் சொன்னார். ஒழுக்கம் பேசுகிற கிளப்புகளின் ஒழுக்கம் இந்த லட்சணத்தில் இருக்கிறது, அது கிடக்கட்டும். 2014 ஜூன் 24 அன்று பிரேசிலின் நடால் நகரில், உலகக் கோப்பை ஆட்டத்தில், சுவாரஸ் மூன்றாவது தடவையாகக் கடித்தார். இந்தத் தடவை இத்தாலியின் கியெல்லினியின் தோள். ஃபிஃபா நாலு மாதத் தடை போட்டது. தடை நடப்பில் இருக்கும்போதே, ஜூலையில், பார்சிலோனா அவரைச் சுமார் ஆறரைக் கோடி பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டு போனது. இன்னொரு தடவை கடித்தால் விலை விழும் என்றார்கள்; கடித்த பிறகு இரண்டரைக் கோடி ஏறியது. வாங்குகிற கிளப்புக்கு ஆளின் குணம் முன்பே தெரியும், விலை போட்டது கோலுக்கு.

அவசரமாக விற்கிறவர்கள் மறந்துபோகும் இன்னொன்று, விற்ற ஆள் எங்கே போய்ச் சேருகிறார் என்பது. லீட்ஸ் யுனைடெட் 1991-92 சீசனின் இங்கிலாந்து சாம்பியன். அந்த அணியில் எரிக் கான்டனா இருந்தார். மேனேஜருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1992 நவம்பரில் வெறும் 12 லட்சம் பவுண்டுக்கு, அதுவும் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெடுக்கே விற்றார்கள். அந்த சீசன் முடிவில் யுனைடெட் 26 ஆண்டுகளுக்குப் பிறகு சாம்பியன். லீட்ஸ் 17-ஆவது இடம், வெளி மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. தலைவலி போயிற்று என்று லீட்ஸில் யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கான்டனாதான் 1995 ஜனவரி 25 அன்று, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறும் வழியில், வேலிக்கு அப்பால் நின்று திட்டிய ரசிகரைப் பாய்ந்து உதைத்தவர். செப்டம்பர் முடியும்வரை தடை, 120 மணி நேரச் சமூக சேவை. அவர் இல்லாத யுனைடெட் லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் பிளாக்பர்னிடம் இழந்தது. எஃப்ஏ கோப்பை இறுதியிலும் தோற்றது. கோபக்காரரை வைத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை இதுதான், இதை மறைத்துப் பேசக் கூடாது. அதற்கு மேல் கான்டனாவே சலித்துப்போய் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பப் பார்த்தார். யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரைத் தேடிப் பாரிஸுக்குப் போனார். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் ஹோட்டலின் பின்வழியாக வெளியே வந்து, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து, கான்டனா இருந்த உணவகத்துக்குச் சென்று பேசித் திருப்பிக் கூட்டி வந்தார். அடுத்த சீசனில் லீக்கும் கோப்பையும் சேர்ந்தே கிடைத்தன. கோப்பை இறுதியின் ஒரே கோல் கான்டனாவுடையது.

டிரெஸ்ஸிங் ரூம் கெட்டுப்போகும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் யார் பக்கம் திரும்புகிறது என்பதைக் கேட்காமல் அதைச் சொல்லக் கூடாது. சுவாரஸின் கோபம் எதிரணி மேல் பாயும், நடுவர் மேல் பாயும். சக ஆட்டக்காரர்கள் அவரைச் சுமையாக நினைத்ததற்கு அடையாளமே இல்லை. 2013 ஆகஸ்டில் ஆர்சனலுக்குப் போகிறேன் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து அவர் அடம் பிடித்தபோது, மேனேஜர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் அவரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்தார். நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைத்தவர் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட். இன்னும் ஒரு வருஷம் பொறு, இதைவிடப் பெரிய கிளப் வரும் என்பதுதான் அவர் சுவாரஸிடம் சொன்னது, அப்படியே நடந்தது. கெட்டுப்போன டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு கேப்டன் இந்த வேலை பார்க்க மாட்டார்.

லிவர்பூல் உண்மையிலேயே தலைகுனிய வேண்டிய இடம் வேறு. 2011 அக்டோபரில் எதிரணியின் பாட்ரிஸ் எவ்ராவை அவருடைய தோல் நிறத்தைச் சொல்லிச் சுவாரஸ் ஏசினார் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. எட்டு ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம். உடனே லிவர்பூல் ஆட்டக்காரர்களும் மேனேஜர் டல்கிலீஷும் சுவாரஸ் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பல வருஷம் கழித்து, 2019-இல், அந்த அணியில் இருந்த ஜேமி கேரகர் தொலைக்காட்சியில் எவ்ராவிடமே மன்னிப்புக் கேட்டார். கறக்கிற மாட்டிடம் உதை வாங்கலாம் என்று இதையும் முன்கோபக் கணக்கில் எழுதிவிடும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உதை வாங்கியது கிளப் இல்லை, எவ்ரா. விற்கச் சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். அவர்களோ கடித்ததைப் பற்றித்தான் அதிகம் கத்தினார்கள், அதுதான் படத்தில் நன்றாக விழுந்தது. இந்த விஷயத்தில்கூட விற்பது பரிகாரம் இல்லை. குற்றம் செய்தவருக்குப் பெரிய கிளப், பெரிய சம்பளம், புது ஊர் என்றால் அதற்குப் பெயர் தண்டனையா? தடை போட வேண்டியது கால்பந்துச் சங்கம். கிளப் செய்ய வேண்டியது அந்தத் தடையை முணுமுணுக்காமல் ஏற்பது, சம்பளத்தில் கை வைப்பது, பனியன் அச்சடிக்காமல் இருப்பது. மற்றவர்களுக்குப் புத்தி வர இது போதும்.

அவர் திருந்திவிடுவார் என்று நான் வாதாடவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் திருந்தவில்லை. 2025 ஆகஸ்டில், 38 வயதில், லீக்ஸ் கோப்பை இறுதி முடிந்ததும் சியாட்டில் அணியின் ஊழியர் மேல் எச்சில் துப்பித் தடை வாங்கினார். வைத்துக்கொள்வதற்கான காரணம் திருந்துவார் என்ற நம்பிக்கையாக இருந்தால் அந்தக் காரணம் தேறாது. மறுபடியும் செய்வார், மறுபடியும் சில ஆட்டங்கள் போகும், அதையும் கழித்துவிட்டு மிஞ்சுவது லாபமா என்று பார்ப்பதே வழி. பார்சிலோனா அப்படித்தான் பார்த்தது. அக்டோபர் கடைசி வரை அவரைக் களத்தில் இறக்க முடியாது என்று தெரிந்தே வாங்கி, அந்த சீசனிலேயே மூன்று கோப்பைகளை எடுத்தது.

லிவர்பூலின் கதை அந்த ஆண்டு எப்படிப் போனது என்பதும் விற்கச் சொல்கிறவர்கள் படிக்க வேண்டியது. கையில் அத்தனை பணம் இருந்தும் சுவாரஸ் இடத்துக்கு வந்து சேர்ந்தவர் மாரியோ பாலோடெல்லி, 1.6 கோடி பவுண்டு. பேர்போன முரடர், சுவாரஸின் கோல்தான் அவரிடம் இல்லை. 16 லீக் ஆட்டங்களில் ஒரு கோல் போட்டார். ஸ்டரிட்ஜும் காயத்தில் முடங்க, 101 கோல் போட்ட அணி அடுத்த சீசனில் 52 கோலோடு ஆறாம் இடத்துக்கு இறங்கியது. கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கிடம் 6-1 என்று உதை வாங்கியது. அதுவே ஜெரார்ட் லிவர்பூலுக்கு ஆடிய கடைசி ஆட்டம்.

அப்படியானால் எப்போதுமே விற்கக் கூடாதா? தன் கேப்டன் ராய் கீனை யுனைடெட் 2005 நவம்பரில் அனுப்பியது சரியான முடிவு. கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டியில் சக ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அவர் கிழித்துத் தொங்கவிட, அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவே இல்லை. கோபம் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிட்டது, வயதோ 34. ரூனியும் ரொனால்டோவும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த கோடையில் நடுக்களத்துக்கு மைக்கேல் கேரிக்கை வாங்கினார்கள். 2007 முதல் தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். ஃபெர்குசன் கான்டனாவுக்காக பாரிஸ் போனவர், கீனுக்காக வாசல்வரைகூடப் போகவில்லை. இரண்டு பேரும் கோபக்காரர்கள்தான். ஒருவருக்கு 29 வயது, அவர் இடத்தில் ஆட வேறு ஆள் இல்லை. மற்றவருக்கு இரண்டுமே தலைகீழ்.